ஓசிப் புரியாணி

"அந்தப் பிழை பார்க்கிற செக்கை ஒஃப் பண்ணிப்போட்டு அனுப்பிவிடும், பிறிஜெற். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் போனில் கார்த்திகன்.

"எனக்குத் தெரியும்தானே. நான் செய்யமாட்டன்."

கார்த்திகன் அவளுடைய மேலாளர். பெருமூச்சு விடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர்.

"நாலு மணிக்குள்ள அனுப்பாட்டி புரொஜெக்டை வேற ஆளிட்டக் குடுக்கச் சொல்லிப்போட்டினம். உமக்கு முதல் தரமா லீட் தந்திருக்கு. யோசிச்சுப் பாரும்."

"யோசிச்சிட்டன் அண்ணா. இது ஆஸ்பத்திரிக்குப் போற சொஃப்ட்வெயார். நாலு மணிக்குள்ள வரும். ஒழுங்கா வரும்."

சொல்லிவிட்டாள். எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய ஒஃபிஸ். மென்பொருளின் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கித் தருகிற பில்ட், காலையிலிருந்து சிவப்பு எழுத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு பிளகின்கள், வெளியாட்கள் எழுதிய செருகு துண்டுகள். இரண்டுக்கும் மூன்றாவதாக ஒன்று வேண்டும். ஒரு பிளகின் அந்த மூன்றாவதன் புது வேர்ஷனைக் கேட்டது. மற்றது பழசை விட்டு அசையமாட்டேன் என்றது. இரண்டு வேர்ஷனையும் ஒன்றாக வைக்க வழியில்லை. பிடிவாதம் பிடிக்கிற பிளகினை எழுதியவன் அதைத் திருத்தி வெளியிட்டால், அந்த நிமிடமே வேலை முடிந்துவிடும்.

எழுதியவன் ஆரோ. 'கடற்காகம்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொண்டு, தன் பிளகினை உலகத்துக்கே சும்மா கொடுத்திருந்தான். காலையிலேயே பிறிஜெற் அவனுக்கு எழுதியிருந்தாள். தன் பெயரில் இல்லை, வாடிக்கையாளரான நோர்வேக் கம்பெனி தந்த கணக்கிலிருந்து. 'உங்கள் பிளகினால் எங்கள் வேலை நின்றுபோயிருக்கிறது. இன்றைக்கே திருத்தவும்.' முதலில் 'தயவுசெய்து' என்று போட்டாள். பிறகு அழித்தாள். பிழை அவனுடையது, கெஞ்சுவது இவளோ?

'ஆறுதலாகப் பார்க்கிறேன்' என்று பதில் வந்தது.

'ஆறுதலாகப் பார்க்க நேரமில்லை. இது பொறுப்பில்லாத வேலை' என்று இவள் எழுதினாள்.

'அப்படியென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்' என்றான் கடற்காகம்.

"திமிரைப் பாரன்," என்று பிறிஜெற் லப்டொப்பைப் பார்த்துச் சொன்னாள்.

பார்சல்காரன் மணி அடித்தான். அவள் புரியாணிப் பார்சல்களை வாங்கி மேசையில் வைக்க, அறைக்கதவைத் திறந்துகொண்டு கணவன் ஜொனாதன் வந்தான். கல்யாணம் கட்டி மூன்று மாதம். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மேசை அவளுக்கு, அறை அவனுக்கு. ஒஃபிஸ் கதையைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று தேனிலவிலேயே பேசி வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை இதுவரை ஒருவரும் மீறவில்லை.

இன்றைக்கு அவன் முகம் உம்மென்று இருந்தது.

"என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?"

"ஒஃபிஸ் கதை இல்ல இது. சும்மா செய்து குடுத்த வேலை ஒண்டு. ஒருத்தன் விடியத்தொட்டு உயிரை எடுக்கிறான்."

பிறிஜெற்றுக்கு விளங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையில் அவனுக்கு ஒரு படை சொந்தக்காரர். ஒருவருடைய கடைக்கு பில் மெஷின், இன்னொருவருடைய பாடகர் குழுவுக்கு வெப்சைட் என்று எல்லாம் இவன் செய்துகொடுப்பான். பிறகு ஏச்சும் இவனே வாங்குவான்.

"சல்லி ஏதும் தந்தவனோ?"

"ஒரு சதம் இல்ல. எனக்குப் பொறுப்பில்லையாம். ஒரு மணித்தியால வேலைதான், இண்டைக்கே செய்து குடுப்பம் எண்டுதான் இருந்தனான். இப்ப கையே போகுதில்ல."

அவளுக்கு அவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இப்படி நல்ல பிள்ளையாக இருந்தால் ஊரே ஏறி மிதிக்கும்.

"செய்யாதேங்கோ. ஒருக்கா வளைஞ்சு குடுத்தா தலையில ஏறி இருப்பாங்கள். எனக்கும் இண்டைக்கு ஒரு திமிர் பிடிச்சவன் வாய்ச்சிருக்கிறான். நான் விடுறனோ பாருங்கோ."

"நீர் விடமாட்டீர். எனக்குத்தான் நல்லா ஏசத் தெரியாது."

"நான் சொல்லித்தாறன்." பிறிஜெற் கோழிக்காலைக் கீழே வைத்தாள். "இப்பிடி எழுதுங்கோ. ஓசியில குடுத்த புரியாணியைத் திண்டுபோட்டு, முட்டை எங்க எண்டு கேக்கிற ஆளுக்கு நான் பதில் சொல்லுறேல்ல."

ஜொனாதன் சிரித்ததில் சோறு புரையேறியது. தண்ணீரைக் குடித்து, கண்ணைத் துடைத்தான்.

"அப்பிடியே போடுறன்," என்று பார்சலையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான்.

பிறிஜெற்றுக்குப் பெருமையாக இருந்தது. மூன்று மாதத்தில் மனிசனுக்குக் கொஞ்சமாவது முதுகெலும்பு வைத்துவிட்டாள். இனித் தன் எதிரியைப் பார்க்கவேண்டியதுதான். கையைக் கழுவி வந்து உட்கார்ந்தாள். கீழே கரையோர ரயில் போக யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

டிங் என்று லப்டொப் கூப்பிட்டது. கடற்காகம்தான். ஒரே ஒரு வரி, நல்ல ஆங்கிலத்தில்.

'ஓசியில் கொடுத்த புரியாணியைத் தின்றுவிட்டு, முட்டை எங்கே என்று கேட்கிற ஆளுக்கு நான் பதில் சொல்வதில்லை.'

"நல்லாக் குடுத்திட்டன், பிறிஜெற்," என்று அறைக்குள்ளிருந்து ஜொனாதனின் குரல் கேட்டது. "நீர் சொன்ன மாதிரியே. இனி அவன் வாய் திறக்கமாட்டான்."

பிறிஜெற் எழுந்து போய் அறைக்கதவை முழுதாகத் திறந்தாள்.

"பார்சலை வைச்சிட்டு எழும்புங்கோ," என்றாள். "முட்டை கேட்டது நான்தான். நாலு மணிக்குள்ள வேணும்."