பிரிக்காத பெட்டிகள்

"பெட்டிகளை ஏத்தாம நான் திரும்பிப் போக முடியாது சிஸ்டர். ஸ்டோர் சாவியைக் கொடுங்க."

அதிகாரி மூன்றாவது தடவையாகக் கேட்டார். வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஆறு மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டாவிட்டால் சாலையை மூடிவிடுவார்கள்.

பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. சண்டை தொடங்கியதிலிருந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு கொடுக்கும் மையம். டாக்டர் ஓடிப்போய் மூன்று மாதமாகிறது. இப்போது எல்லாமே இந்த ஒற்றை நர்ஸ்தான்.

"எதுக்கு ஏத்தணும்?" என்றாள் அவள்.

"நிதி நின்னு போச்சு. கொடுத்துட்டு இருந்தவங்க கையை விரிச்சுட்டாங்க. மையத்தை மூடிட்டு, மிச்சமிருக்கிற சத்துணவுப் பெட்டிகளைத் தலைமைக் கிடங்குக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு."

"அவங்க கையை விரிச்சா, இதுங்க வயித்தைச் சுருக்கிக்கணுமா?"

வராந்தாவில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த தாய்மார் அத்தனை பேரும் அதிகாரியையே பார்த்தார்கள். நர்ஸ் கழுத்தில் தொங்கிய, குழந்தைகளின் கையை அளக்கும் நாடாவை எடுத்து, ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டில் வளையமாக்கினாள்.

"இதுக்குள்ள உங்க ரெண்டு விரலை விடுங்க."

விட்டார். வளையம் நிறைந்துவிட்டது.

"அதுதான் சார் ஒரு புள்ளையோட மேல் கை. இப்படி அறுபது புள்ளைங்க."

அதிகாரி விரலை உருவிக்கொண்டார். அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. வீட்டில் அவருக்கும் இரண்டு இருக்கின்றன. ஆனால் இரக்கப்பட்டு வேலையைத் தொலைத்தவர்களையும் அவர் பார்த்திருக்கிறார்.

"எல்லாப் பெட்டியும் போயிடுமா?" என்றாள் நர்ஸ்.

"சீல் உடையாததை மட்டும்தான் எடுக்கலாம். பிரிச்ச பெட்டியைக் கிடங்குல தொடவே மாட்டாங்க. இங்கேயே கொடுத்துத் தீர்க்கணும்னு விதி. எத்தனை பிரிச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"அதை நீங்களே வெச்சுக்குங்க."

"ஒரு பெட்டி ரெண்டு நாளைக்குக்கூட வராது சார். இன்னும் ஆறு வாரம் கொடுத்தாத்தான் இதுங்க பொழைக்கும்." சட்டென்று நிமிர்ந்தாள். "உத்தரவுத் தாள்ல இருக்கிற அந்த விதியைக் கொஞ்சம் சத்தமா படிங்க. இவங்களும் கேட்கட்டும். நாளைக்கு என் சட்டையைப் பிடிக்கக் கூடாதுல்ல."

நியாயம்தான் என்று அவரும் பெரிய குரலில் படித்தார். வராந்தாவில் ஒருத்திகூட அழவில்லை.

"கேட்டீங்களா அக்கா? புள்ளைங்கள பின்பக்கம் கூட்டிட்டுப் போங்க, சார் வேலை செய்யட்டும். மேசை மேல கிடக்கிற கத்திரிக்கோலையும் எடுத்துடுங்க, புள்ளைங்க கையில கிடைச்சா வம்பு."

எல்லோரும் எழுந்து போனார்கள். அவ்வளவுதான், விட்டது தொல்லை என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

நர்ஸ் முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு தாளை நீட்டினாள்.

"இந்த மையத்தை நான்தான் மூடினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"அது எப்படி..."

"மூடத் தெரியுதுல்ல? எழுதுங்க!"

வியர்த்துக்கொண்டே எழுதினார். ஒரு வரி சரியில்லை என்று கிழித்துப் போட்டாள். இரண்டாவது தடவை எழுதினார். பின்பக்கம் குழந்தைகள் காது கிழிய அழுதுகொண்டிருந்தன. இவளோ மேசை இழுப்பறையைக் கவிழ்த்து, அலமாரியை உருட்டி, சாவியைத் தேடிக்கொண்டே இருந்தாள். மணி ஐந்தேகால்.

"சிஸ்டர், விளையாடாதீங்க! பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா?"

பின்பக்கம் அழுகை நின்றது. நர்ஸ் இடுப்பைத் தடவினாள்.

"அட, இங்கேயே இருக்கு பாருங்க! என் மறதியைச் செருப்பால அடிக்கணும்."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஸ்டோரைத் திறந்தார் அதிகாரி. வெளியே தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்த அறையின் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. அங்கே தாய்மார் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி கையில் கத்திரிக்கோல். தரையெங்கும் நாற்பத்திரண்டு பெட்டிகள், ஒன்று பாக்கியில்லாமல் சீல் அறுந்து வாய் பிளந்து கிடந்தன.

"ஒண்ணுதான் பிரிச்சதுன்னு சொன்னீங்களே!" என்று அலறினார்.

"நீங்க கேட்டப்போ ஒண்ணுதான் சார்," என்றாள் நர்ஸ்.