ஏழு நாட்டு அனுபவம்

“அந்தக் கடைசிப் பொண்ணு வரலைல்ல? வரலைன்னு போட்டுடுங்க. மூட்டையைக் கட்டலாம்” என்றார் தலைவர்.

கல்லூரி நிதித்துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் வேலை. காலையிலிருந்து நேர்முகத் தேர்வு. குழுவில் தலைவரும் ஒரு புரொபசரும். தேர்வுக் குழுத் தலைவர் பெரிய தொழிலதிபர், கண்டத்துக்கு ஒரு கம்பெனி. தரையில் இருப்பதைவிட ஆகாயத்தில் இருப்பது அதிகம் என்பதால் ஆபீசில் அவருக்குப் ‘பறக்கும் முதலாளி’ என்று பெயர். இன்றைக்கும் விமானத்தைப் பிடிக்கிற அவசரம்.

“சார், இப்பதான் போன் பண்ணாங்க. ரயில் நடுவழியில நின்னுடுச்சாம். ஆட்டோ பிடிச்சு வந்துட்டிருக்காங்க” என்றாள் குறிப்பெழுதும் உதவியாளர். “அடுத்த வருஷம் அவங்களுக்கு வயசு தாண்டிடும் சார். இத விட்டா வேற வழியில்ல.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? எங்க கையெழுத்துப் போடணும்?”

“புரொபசர் சாரோட அனுபவத்தை மட்டும் எழுதணும் சார்.”

அது அந்தக் கல்லூரி வழக்கம். எப்போதோ ஒரு போலி நிபுணர் வந்து, நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து, குழுவில் உட்காருகிறவர்கள் தங்கள் அனுபவத்தைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். அதை எழுதிய பிறகுதான் கூட்டத்தை முடிக்கலாம்.

தலைவர் காலையிலேயே தன்னுடையதைச் சொல்லிவிட்டார். டீ ஆறி, பிஸ்கட் நமுத்து, உதவியாளருக்கு விரல் வீங்கியதுதான் மிச்சம். புரொபசரோ, “என்னோடதைக் கடைசியில பாத்துக்கலாம்மா. வெளியில பிள்ளைங்க காத்திருக்காங்க” என்று ஒதுங்கிக்கொண்டார். தங்கமான மனுஷர் என்று அவள் அப்போது நினைத்தாள்.

“ஒரே வரியில சொல்லிடுங்க புரொபசர்” என்றார் தலைவர்.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“எழுதிக்கங்கம்மா. மொத்தம் ஏழு நாடு.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முதல் நாட்டுல ஒரே பனி. வட்டி விகிதம் பத்திப் பாடம் எடுப்பேன். பசங்க கையுறையோட குறிப்பெடுப்பாங்க. ஒருத்தன் எழுத்தும் புரியாது. எல்லாருக்கும் பாஸ் போட்டுட்டேன்.”

“இதையும் எழுதணுமா சார்?” என்றாள் உதவியாளர்.

“அனுபவம்தானேம்மா.”

இரண்டாவது நாட்டில் ஒரு வங்கிக்கு ஆலோசகர். அந்த வங்கியின் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும், எதில் நிற்காது என்பதுவரை வந்தது. மூன்றாவது நாட்டில் கதை இன்னும் நீண்டது.

“நிர்வாகக் குழுக் கூட்டம்னு போய், தப்பான மாடியில உட்கார்ந்துட்டேன். அரை நாள் நிதி ஆலோசனை சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது செருப்புக் கம்பெனி.”

“புரொபசர், என் விமானம்...”

“காலையில உங்களோடதை நான் முழுசாக் கேட்டேனே சார். நடுவுல தும்மக்கூட இல்லையே.”

தலைவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

உதவியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் ரோட்டில் அல்லாடிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்த்தபடி சுயபுராணம் வேறு. படித்தவர்களே இப்படித்தான் போல!

“சார், நான் வாசல் வரைக்கும் போய், அவங்க வர்றாங்களான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்” என்று எழுந்தாள்.

“உட்காருங்கம்மா! நாலாவது நாட்டை யார் எழுதறது?”

நாலாவது நாட்டில் வீட்டுக்காரரோடு தகராறு. ஐந்தாவது நாட்டில் வாஷிங் மெஷின் ஓடவில்லை. அதைச் சரி செய்ய வந்தவருக்குப் பங்குச் சந்தையை விளக்கினாராம். மெஷின் சரியாகவில்லை, வந்தவர் வேலையை விட்டுவிட்டாராம்.

உதவியாளர் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

“ஆறாவது நாட்டுக்கு நான் போனதே...” என்று ஆரம்பித்த புரொபசர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. தலை கலைந்து, ஒரு செருப்பு அறுந்து, மூச்சு வாங்க ஒரு பெண் நின்றாள்.

“சார், மன்னிச்சுக்கங்க... ரயிலு...”

“கூட்டம் முடிஞ்சுபோச்சும்மா” என்றார் தலைவர்.

“எங்க சார் முடிஞ்சுது? எனக்கு இன்னும் ரெண்டு நாடு பாக்கி இருக்கே” என்றார் புரொபசர் சாவகாசமாக. “முடியாத கூட்டத்துக்கு வந்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. முதல்ல அவங்களைக் கேக்கலாமா, இல்ல நான் ரெண்டு நாட்டையும் முடிச்சுடட்டுமா?”

“ஐயோ, அவங்களையே கேளுங்க!” என்று அலறினார் பறக்கும் முதலாளி.

அந்தப் பெண் முதலில் திணறினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வந்தவர்களிலேயே அவள்தான் தெளிவாகப் பேசினாள். கடைசியில் தலைவரே, “இவங்களைத்தான் காலையிலிருந்து தேடிக்கிட்டிருந்தோம்” என்று மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்தையும் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அறையில் புரொபசரும் உதவியாளரும்தான் மிச்சம். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து வாசல் கேட்டும், நின்றுகொண்டிருந்த ஆட்டோவும் நன்றாகத் தெரிந்தன.

“சார்,” என்றாள் தயக்கத்தோடு. “உங்க அனுபவத்துல இன்னும் ரெண்டு நாடு...”

“எல்லாத்தையும் அடிச்சுட்டு, ‘ஆசிரியர்’னு ஒரு வார்த்தை போட்டுக்கங்கம்மா, போதும்” என்று வறண்ட தொண்டையைத் தடவிக்கொண்டே எழுந்தார் புரொபசர். “நல்லவேளை, அந்தப் பொண்ணு வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா, நான் போகாத நாட்டுக்கெல்லாம் போயிருக்கணும்!”