மூக்கைத் தூக்கிய விமானம்

ஓடுபாதையில் ஒரு குட்டி விமானம் ஓடத் தொடங்கியது. வேலியோரத்து எருமை தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும், போதிய வேகம் வருமுன்பே மூக்கை வானத்துக்குத் தூக்கி எழும்பியது.

இறக்கையில் இருந்த எச்சரிக்கை ஹார்ன் அலறியது. “மூக்கை இறக்கு. விழப்போகிறோம்.”

“நான் உயரப் போனால் உனக்கு வயிற்றெரிச்சல்” என்ற விமானம் இன்னும் தூக்கியது. இறக்கைகளைத் தாங்கிய காற்று கைவிட்டது. பனைமர உயரத்திலிருந்து சேற்றில் பொத்தென்று விழுந்தது.

எருமை மெல்ல வந்து, “என்னப்பா ஆச்சு?” என்றது.

“இந்த ஹார்ன் கத்திக் கத்தியே காரியத்தைக் கெடுத்துவிட்டது. அடுத்த முறை இதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.”

எருமை ஒடிந்த இறக்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்தது.

“என்றைக்குக் கிளம்புகிறாய் என்று மட்டும் சொல்லிவிடு. அன்றைக்கு நான் வேறு பக்கம் மேயப் போகிறேன்.”