வீட்டு ரேட்

என்னைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறமுங்க" என்று எழுந்தார்கள். அப்படிச் சொல்லிப் போன யாரும் இதுவரை எதுவும் சொல்லியனுப்பியதில்லை. விட்டது தொல்லை என்று நினைத்தேன்.

அவர்கள் வந்த மின்சாரக் கார்தான் கிளம்ப மறுத்தது. "பைபாஸ் சார்ஜரில் யூனிட் நாற்பது ரூபாய். இந்த வீட்டில் பத்து. பேட்டரி நிரம்பியதும் கிளம்பலாம்" என்றது.

மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பெருமை. "நான் பழக்குனதுங்க. வெளிய ஒரு ரூபா சேத்திக் குடுக்க உடாது. இங்கயே ஏத்திக்கறமுங்க, கரண்டுக்குக் காசு குடுத்தர்றேன்."

பைபாஸில் என்றால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டு பிளக்கில் சாயங்காலம் ஆகிவிடும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே மதியத்துக்கு உலை வைத்தாள். மாப்பிள்ளை கவின் யாரும் கூப்பிடாமலே அடுப்படிக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டே தன் அப்பாவின் கஞ்சத்தனக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். வெங்காயத்தில் பாதி, சிரிப்பில் பாதி என எனக்கும் கண்ணீர் கொட்டியது.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயர்ந்தார்கள். இவர்கள் இப்போதைக்குக் கிளம்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சுவிட்சை அணைத்துவிடலாம் என்று பூனைபோல் போர்டிகோவுக்குப் போனேன்.

அது ஏற்கெனவே அணைந்திருந்தது. கார் மறைவில் குந்தியிருந்த கவின், உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தான்.

காருக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியவில்லை. வீடே எழுந்துகொள்ளும்படி கத்தியது: "சார்ஜ் நின்றுவிட்டது. ராத்திரி ரேட் இன்னும் குறைவு. தங்கிவிட்டுப் போகலாம்!"