மண்டபத்துப் பாசிகள்

மூக்கண்டப்பள்ளியில் மாலை ஷிப்டு சங்கு ஊதுகிறது. கூரியரில் வந்த கடற்பாசிப் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டுகிறாள் பவளம். அதிலிருக்கும் பாசிகளெல்லாம் பதினோரு வருடம் மண்டபம் கடலில் இடுப்பளவு நீரில் நின்று அவள் சேகரித்தவை, அவளே வரைந்தவை. அட்டையில், அவளோடு சேர்ந்து ஆய்வு செய்த மோகன்குமாரின் பெயர் மட்டும் இருக்கிறது. கல்யாணமாகி அவள் ஓசூருக்குக் கிளம்பியபோது, "ரெண்டு பேர் பேர்லயும்தான் வரும்" என்று சொல்லித்தான் அவளுடைய நோட்டுகளை வாங்கிக்கொண்டான். கம்பெனியிலிருந்து வந்த கணவன் கருப்பசாமி தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறான். "உம் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?" கடைசிப் பக்கம் வரை ஏற்கெனவே தேடிவிட்டவள் மறுபடி பக்கங்களைப் புரட்டுகிறாள். அவன் ஒரு புகைப்படத்தில் விரல் வைக்கிறான். ஈரம் சொட்டும் சிவப்புப் பாசியை ஏந்திய ஒரு கை. முழங்கைக்கு மேல் படத்தை வெட்டியிருக்கிறார்கள். "இது உன் கைதானே?" "ஆமா," என்கிறாள் பவளம். "பாசியப் பிடிச்சிருக்கில்ல, அத மட்டும் வெட்ட முடியல."