குளத்தில் குதித்த நாய்

சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

ஐயோவாவில் அவர் பிறந்த ஊரின் நூலகம். நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. ஊர்க்காரரான அவர் தன் சின்ன வயதைப் பற்றி எழுதிய வேடிக்கைப் புத்தகமாயிற்றே, வராமல் இருப்பார்களா.

முன்வரிசையில் அவருடைய அக்கா லோரெட்டா. எண்பதைத் தாண்டியவள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் மேலே படித்தார்.

ஐம்பத்திரண்டாம் வருடக் கோடை. போலியோ பயத்தில் ஊர் நீச்சல்குளத்தைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அக்காவும் இவரும் வேலி ஏறி உள்ளே குதிக்கிறார்கள். கரையில் நின்று நடுங்குகிறது வீட்டு நாய். "கோழைப் பயலே" என்று இவர் கத்துகிறார். ரோஷக்கார நாய். தொப்பென்று விழுகிறது.

மறுபடி சிரிப்பு. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாயால்தான் புத்தகமே ஓடியது. அட்டையிலும் அதன் படம்தான்.

அவர்கள் வீட்டில் நாயே கிடையாது. முடி கொட்டும் என்று அம்மா சேர்க்கவில்லை.

பின்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "அந்த நாய் அப்புறம் என்ன ஆச்சு?"

பதில் தயாராக இருந்தது. தபால்காரரைக் கடித்துக் கடித்தே கிழடாகிச் செத்தது என்பார். போன ஊரிலெல்லாம் அது எடுபட்டது.

அக்காவைப் பார்த்தார்.

அந்த நாளைப் பற்றி எழுபது வருடமாக அவள் வாய் திறக்கவில்லை. சாகக் கிடந்த அம்மா கேட்டாள், "அன்னைக்குக் குளத்துக்குப் போனீங்களாடி?" அப்போதும் இல்லையென்றே சொன்னாள். யாரைக் காப்பாற்ற அந்தப் பொய் என்று அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

"அவனுக்கு ஆறு வயசு," என்றார். "பேரு டென்னி. மூச்சு விட முடியலன்னு ஆஸ்பத்திரியில, மூச்சு விட வைக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள வச்சாங்க. தலை மட்டும் வெளியே. பதினோரு நாள் இருந்தான்."

ஓரிருவர் சிரித்தார்கள். நாய்க்கு ஆஸ்பத்திரியும் பெட்டியும் இவர் எழுத்தில் வரக்கூடியதுதானே. பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

லோரெட்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

அவர் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். அச்சில் இல்லாததை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"அன்று அக்கா, நான், தம்பி டென்னி, நாங்கள் மூன்று பேர் வேலி ஏறினோம்."