மாஸ்டர் கட்டிய வெள்ளை பெல்ட்

கராத்தே மாஸ்டர் ஃபிரெடி அன்று வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார்.

கொண்டாப்பூர் அபார்ட்மென்ட் ஹாலில் நின்ற பதினெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருடமாகக் கறுப்பு பெல்ட் கட்டியவர், நேற்றுச் சேர்ந்தவர்களோடு கடைசி வரிசையில் போய் நின்றார்.

"மாதங்கி மேடம், இங்க இப்ப சீனியர் நீங்கதான். கிளாஸை நீங்க நடத்துங்க."

மாதங்கி பிரவுன் பெல்ட். கறுப்புக்கு ஒரே படிதான் பாக்கி, மூன்று வாரத்தில் டெஸ்ட். சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர், வீட்டில் இரண்டு பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவில் நாலு வருடம் ஒரு வகுப்பு விடாமல் வந்து ஏறிய படிகள். யாருக்காகவும் அதை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வகுப்பு முடிந்ததும் கூடப் பயிலும் ஸ்ரீனிவாஸ் அவள் காதைக் கடித்தான்.

"மாஸ்டர் யாரையோ அடிச்சிட்டாராம். கராத்தே சங்கத்துல பெல்ட்டைப் பிடுங்கிட்டாங்களாம்."

மாதங்கி நேரே அவரிடமே போனாள்.

"மாஸ்டர், நீங்க யாரையாவது அடிச்சீங்களா?"

"ஹவ் மேடம், அடிச்சேன். செகந்திராபாத் ஸ்டேஷன் வாசல்ல, ஒரு ஆட்டோக்காரரை. என் ஸ்கூட்டரை இடிச்சிட்டு அவரே என்னைத் திட்டினார். கை நீட்டிட்டேன். முன்பல் போயிடுச்சு."

"தெருச்சண்டைக்குப் போனா கிளாஸை விட்டு அனுப்பிடுவேன்னு எங்ககிட்ட சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்புறம் எந்த முகத்தோட இங்க வந்து நிக்கறீங்க?"

"முதல்லேர்ந்து கத்துக்கறதுக்கு மேடம். வெள்ளை, மஞ்சள்னு ஒவ்வொரு டெஸ்டா கொடுத்துத்தான் மேல வருவேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி."

"உங்ககிட்ட கத்துக்கிட்டேன்னு சொன்னா நாளைக்கு என் பெல்ட்டை யார் மதிப்பாங்க?"

அவர் வெள்ளை பெல்ட்டை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தார்.

மாதங்கி விடவில்லை. கார் பார்க்கிங்கில் நின்றபடியே சங்கத்துச் செயலாளர் தேவசகாயத்துக்கு போன் போட்டாள்.

"வேற மாஸ்டரை அனுப்புங்க சார். நீங்களே பெல்ட்டைப் பிடுங்கின ஆள் எங்களுக்கு வேண்டாம்."



"யாரும்மா பிடுங்கினது? அடிபட்டவர் புகார்கூடக் கொடுக்கலை. எங்களுக்கு விஷயமே தெரியாது. ஃபிரெடியே தானா வந்து சொல்லி, பெல்ட்டை என் மேஜைமேல வச்சான். எடுத்துக்கிட்டுப் போடான்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'கோபத்தைக் கட்டத் தெரியாதவன் இதை இடுப்புல கட்டி என்ன சார் பிரயோஜனம்'னுட்டுப் போயிட்டான்!"